காரை விட்டு இறங்கும் மரியாதை

மல்வேர்ன், ரொறன்ரோ
8 மே 1994

அன்புள்ள யோசப் அண்ணாவுக்கு,

மாதாவின் கிருபையில் நானும் இவரும் சுகம். உங்கள் முழங்கால் எப்படி? அண்ணி சீனிப் போத்தலைப் பூட்டி வைத்திருப்பதாக எழுதியிருந்தா. திறப்பு யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் எழுதவில்லை.

பெரிய புதினம், நாங்கள் கார் வாங்கிவிட்டோம். மண்ணிறம், வயது பதினொன்று, ஒரு பக்கக் கதவு உள்ளிருந்துதான் திறக்கும். இவர் மூன்றாம் முறை சோதனையில் தேறினார். பிறம்ரனில் தான் வேலை செய்யும் களஞ்சியத்துக்கு மூன்று பஸ் மாறிப் போனவர் இனி ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடுவார்.

ஒரே ஒரு கரைச்சல். இவருக்குப் பொலிஸ் என்றால் பயம். கார் ஓட்டும்போது முன்னுக்குப் பார்ப்பதைவிடப் பின்னுக்குப் பார்ப்பதுதான் கூட. பயத்திலும் நியாயம் இருக்கிறது. இங்கே கறுப்புப் பிள்ளைகளையும் எங்கள் பெடியன்களையும் அடிக்கடி மறிக்கிறார்கள். எங்கள் வட்டாரக் கவுன்சிலர் மிசிஸ் பேனாட், ஜமேக்காவில் பிறந்தவர், போன கிழமை வீடு வீடாக வந்தபோது எங்கள் வீட்டிலும் இருந்து மூன்று ரோல்ஸ் சாப்பிட்டார். அவருடைய மகனை நூலகத்திலிருந்து நடந்து வரும் வழியில் ஒன்பது தடவை மறித்தார்களாம். மறிக்கிறவர்கள் ஏன் மறிக்கிறார்கள் என்று ஊருக்குப் பதில் சொல்ல வைப்பேன் என்பதுதான் போன தேர்தலில் அவர் கொடுத்த வாக்கு. வருகிற நவம்பரில் மறுபடி தேர்தல். சனிக்கிழமைகளில் அவருடைய கந்தோருக்குப் போய்த் துண்டுப்பிரசுரங்களைத் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன்.

முப்பத்தொரு வருடம் பொலிசில் இருந்த அண்ணன் எனக்கு இருக்கிறார். பொலிஸ் மறித்தால் எப்படி நடக்க வேண்டும் என்று இவருக்கு நாலு வரி எழுதுங்கள். நான் சொன்னால் காதில் ஏறாது. நீங்கள் சொன்னால் இவருக்கு வேதவாக்கு.

அண்ணிக்கு என் அன்பு.
தங்கை அருள்மலர்


வத்தளை
2 யூன் 1994, காலை 9.40 மணி

தங்கச்சி அருள்மலருக்கு,

உன் கடிதம் நேற்றுப் பிற்பகல் 3.15க்குக் கிடைத்தது. வீட்டில் இருவரும் நலம். சீனிப் போத்தல் பற்றிய விசாரணை தொடர்கிறது, அதில் உனக்கு வேலையில்லை.

கார் வாங்கிய செய்தி எனக்குப் பெருமை. மச்சான் சிறிக்கு என் அறிவுரையை இரண்டு தரம் வாசித்துக் காட்டு. பொலிஸ் மறித்தால் உடனே இயந்திரத்தை நிறுத்த வேண்டும். அதன் பிறகு சும்மா குந்திக்கொண்டு இருக்கக் கூடாது. கடமையில் நிற்கும் பொலிஸ்காரனைத் தன்னிடம் நடந்து வரச் செய்கிறவன் திமிர் பிடித்தவன் என்றுதான் நாங்கள் நினைப்போம். ஆகவே கதவைத் திறந்து இறங்கு. தொப்பி இருந்தால் கழற்று. முகத்தில் ஒரு சிரிப்போடு நேராக அவனிடம் நட. நடந்துகொண்டே சட்டைப்பைக்குள் கையை விட்டுப் பத்திரத்தை எடு, அவன் கேட்கும்வரை காத்திராதே. "சேர்" என்ற சொல்லை மூன்று தரத்துக்குக் குறையாமல் சொல்.

இப்படி நடந்த ஒருவனைக்கூட என் சேவைக் காலத்தில் நான் தொந்தரவு செய்ததில்லை. கனடாப் பொலிசும் பொலிஸ்தானே.

இப்படிக்கு,
யோசப், இளைப்பாறிய பொலிஸ் சார்ஜன்ட் 4417


மல்வேர்ன்
17 யூலை 1994

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகமாக இருக்கிறோம். நீங்களும் அண்ணியும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். இங்கே நல்ல வெயில். ஸ்ரோபெரி மலிந்து கிடக்கிறது, நான் ஜாம் காய்ச்சினேன்.

உங்கள் அறிவுரைக் கடிதம் கிடைத்தது. சொன்னபடி இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். மிக்க நன்றி. இவர் இப்போது பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறார், பஸ்ஸில் போனால் நித்திரை கொள்ளலாமாம். இரண்டு மணிக்கட்டிலும் கொஞ்சம் பிடிப்பு. எண்ணெய் பூசி விடுகிறேன்.

எங்கள் பக்கத்தில் யாரோ ஒருவரைப் பொலிஸ் மறித்துக் கையில் விலங்கு போட்டுவிட்டதாம். மிசிஸ் பேனாட் அதைப் பற்றிப் பொதுக்கூட்டம் வைக்கப்போகிறார். வேறு விசேஷம் இல்லை.

தங்கை அருள்மலர்


வத்தளை
8 ஆகஸ்ட் 1994, மாலை 5.05 மணி

தங்கச்சி,

நலம். நலமா என்று உன்னைக் கேட்கிறேன், இந்த முறை ஒழுங்காகப் பதில் சொல்.

முப்பத்தொரு வருடம் வாக்குமூலம் எடுத்தவனுக்கு நீ ஜாம் கதை எழுதுகிறாய். உன் கடிதத்தை அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். மூன்றாம் வரியிலேயே எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. மூன்று தரம் சோதனை எழுதி அனுமதிப்பத்திரம் எடுத்தவன் நித்திரைக்காகப் பஸ்ஸில் போகமாட்டான். பெட்டி தூக்கினால் முதுகு பிடிக்கும், தோள் பிடிக்கும். இரண்டு மணிக்கட்டும் ஒன்றாகப் பிடிப்பதற்கு உலகத்தில் ஒரு காரணம்தான் உண்டு. அதை நானே எத்தனையோ பேருக்குப் போட்டுப் பூட்டியிருக்கிறேன்.

அந்த "யாரோ ஒருவர்" யார்? அவர் என் அறிவுரைப்படி நடந்தாரா, இல்லையா? நடக்காததால் வந்த வினை என்றால் மச்சானை நான் பேசமாட்டேன். உண்மையை எழுது.

யோசப், இளைப்பாறிய பொலிஸ் சார்ஜன்ட் 4417


மல்வேர்ன்
30 ஆகஸ்ட் 1994

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம் விசாரித்தீர்கள். உடம்புக்குச் சுகம்தான். மறைத்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். இவர்தான் அந்த ஆள். உங்கள் அறிவுரைப்படி ஓர் எழுத்துப் பிசகாமல் நடந்தார்.

யூன் 29, பின்னேரம் நாலரை மணி. வேலை முடிந்து வரும்போது பின்பக்கச் சிவப்பு விளக்கு ஒன்று எரியவில்லை என்று பொலிஸ் மறித்தது. இவர் இயந்திரத்தை நிறுத்தினார். இறங்கினார். தொப்பியைக் கழற்றினார். சிரித்துக்கொண்டு நேராக நடந்தார். இங்கே பொலிஸ் மறித்தால் காரிலேயே அசையாமல் இருக்க வேண்டுமாம், கை இரண்டும் ஸ்டியரிங்கில் தெரிய வேண்டுமாம். எங்களுக்கு யார் சொன்னார்கள்? அந்த இளம் பொலிஸ்காரன் ஏதோ கத்தினான். கெதியாக வரச் சொல்கிறான் என்று நினைத்து இவர் கெதியாக நடந்தார். சட்டைப்பைக்குள் கையும் விட்டார். அவன் இடுப்புத் துவக்கில் கை வைத்தான். அடுத்த நிமிடம் இவர் தார் ரோட்டில் குப்புறக் கிடந்தார், கையில் விலங்கு. நாற்பது நிமிடம். படுத்துக்கிடந்தே மூன்று தரம் "சேர்" சொன்னாராம். பிறகு விளக்குக்கு அபராதத் துண்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மிசிஸ் பேனாட்டிடம் நான் போய்ச் சொன்னேன். அன்றைக்கே வீட்டுக்கு வந்து, இவருடைய மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவரிடம் ஒரு அப்பியாசக் கொப்பி இருக்கிறது. மறிக்கப்பட்டவர்கள் வந்து சொன்னதை எல்லாம் நாள், நேரத்தோடு எழுதி வைத்திருக்கிறார். அறுபத்தொரு பேர். முக்கால்வாசி கறுப்புப் பிள்ளைகள், மிச்சம் எங்கள் ஆட்கள். வெள்ளைக்காரரின் கார்களிலும் விளக்கு எரியாமல்தான் போகிறது, அவர்களில் ஒருவரும் ரோட்டில் படுக்கவில்லை என்றார். ஆனால் எழுந்து நின்று சொல்ல ஒருவரும் துணியவில்லை. ஆள் இல்லாவிட்டால் முறைப்பாடே இல்லை என்று பொலிஸ் சொல்லிவிடும்.

கூட்டம் நவம்பர் 3. தேர்தலுக்குப் பதினொரு நாள் முன்பு. தேர்தல் முடியட்டும், இப்போது பொலிசோடு கொழுவினால் தோற்றுப்போவீர்கள் என்று அவருடைய ஆட்களே சொன்னார்கள். தேர்தலுக்குப் பிறகு வைத்தால் அது வாக்குறுதி இல்லை, சாட்டு என்று சொல்லிவிட்டார்.

இவர் பேசமாட்டேன் என்கிறார். காரணம் பயம் இல்லை அண்ணை, நீங்கள்தான். "பொலிசிட்டை ஏன் நடந்து போனனி எண்டுதான் முதல் கேட்பினம். மச்சான் சொன்னவர் எண்டு சபையிலை நிண்டு சொல்லவோ? அந்த மனிசன்ரை முப்பத்தொரு வருசத்தை நான் சிரிப்பாக்க மாட்டன்" என்கிறார். அதனால்தான் உங்களுக்கும் எழுத விடவில்லை.

நான் என்ன செய்ய?
அருள்மலர்


மல்வேர்ன்
2 ஒக்டோபர் 1994

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. முழங்காலா, கோபமா? முழங்கால் என்றால் அண்ணியாவது இரண்டு வரி எழுதியிருப்பா. கோபம் என்றால் என்னோடு கோபியுங்கள், இவரோடு வேண்டாம்.

மிசிஸ் பேனாட் இவரை வற்புறுத்தவில்லை. போன சனிக்கிழமை கந்தோரில் கதிரை எண்ணிக்கொண்டிருந்தார். பேச ஆள் இல்லாவிட்டாலும் கூட்டம் நடக்கும், கொப்பியைத் தானே வாசிப்பேன் என்கிறார். "இவர் பொலிஸ்காரனை நோக்கிப் பாய்ந்து வந்தார்" என்று பொலிஸ் பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறதாம். ஒரு பூச்சியைக்கூடக் கடதாசியால் தூக்கி வெளியே விடுகிற மனிதனைப் பற்றி. எனக்கு அழுகையும் வருகிறது, சிரிப்பும் வருகிறது.

நீங்கள் நலம் என்று மட்டுமாவது எழுதுங்கள்.

அருள்மலர்


வத்தளை
14 ஒக்டோபர் 1994, காலை 6.20 மணி
கடுகதித் தபால்

தங்கச்சி அருள்மலருக்கு,

உயிரோடு இருக்கிறேன். உனக்கு நாலு கடிதம் எழுதி நாலையும் கிழித்தேன். அண்ணி கடதாசித் துண்டுகளைக் கூட்டிக் கூட்டிக் களைத்துப்போய், "எழுதுறதை எழுதிப்போட்டு வந்து சாப்பிடுங்கோ" என்றா. இது ஐந்தாவது.

முதலில் மச்சானுக்கு என் கட்டளை. கூட்டத்துக்குப் போக வேண்டும். எழுந்து நிற்க வேண்டும். மச்சான் சொன்னார், நான் செய்தேன் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். சிரிக்கிறவன் சிரிக்கட்டும். என் அறிவுரையால் அந்த மனிதன் ரோட்டில் கிடந்தது போதும், அதையே மறைத்துக்கொண்டு எனக்காகப் பேசாமல் இருப்பதை என்னால் தாங்க முடியாது.

இதோடு ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த வாக்குமூலம் ஒன்று அனுப்புகிறேன். சந்தியில் உள்ள தட்டச்சுக்காரரிடம் நேற்று முழுப் பின்னேரமும் இருந்து செய்தேன். எங்கள் நாட்டில் பொலிஸ் மறித்தால் இறங்கி நடந்து வருவதுதான் மரியாதை, என் மைத்துனர் செய்தது நான் எழுதிக் கொடுத்த மரியாதை என்று அதில் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. இதை அண்ணிக்குக்கூட நேற்றுத்தான் சொன்னேன். 1973இல் ஒரு சந்தியில் காவல் நின்றேன். புத்தளத்திலிருந்து உப்பு லொறி வந்தது. கை காட்டினேன், நிறுத்தினான். ஆனால் இறங்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே பத்திரத்தை நீட்டினான். பெயர் அன்ஸார். எனக்குத் திமிராகத் தெரிந்தது. மிதிபலகையில் ஏறிக் கன்னத்தில் அறைந்தேன். பிறகுதான் கீழே பார்த்தேன். மூட்டை விழுந்து வீங்கிய கால், துணி சுற்றியிருந்தது. பெடலை மிதிக்க முடியும், நிலத்தில் ஊன்ற முடியாது. அவன் பத்திரத்தை மடித்து வைத்துவிட்டு லொறியை எடுத்துக்கொண்டு போனான். நான் புத்தகத்தில் "சாரதி மரியாதைக் குறைவு" என்று எழுதினேன்.

மச்சான் இறங்கினார் என்று அங்கே ஒருவன் படுக்க வைத்தான். அன்ஸார் இறங்கவில்லை என்று இங்கே நான் அறைந்தேன். ஏன் என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இதையும் வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறேன். வாசிப்பதா விடுவதா என்பதை நீயும் அந்த அம்மாவும் தீர்மானியுங்கள்.

யோசப், இளைப்பாறிய பொலிஸ் சார்ஜன்ட் 4417


மல்வேர்ன்
6 நவம்பர் 1994

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம், நல்ல சுகம். உங்கள் கடிதம் ஒக்டோபர் 25 வந்தது. இவர் வாசித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு வெகு நேரம் நின்றார். வெளியே வந்து, "சட்டையை அயன் பண்ணி வை" என்றார்.

உங்கள் வாக்குமூலத்தை மிசிஸ் பேனாட்டிடம் கொடுத்து, கடைசிப் பகுதியை விட்டுவிடலாமா என்று கேட்டேன். தங்கை அல்லவா, மனம் கேட்கவில்லை. அவர் இரண்டு தரம் வாசித்தார். "உங்கடை அண்ணை எழுதினதிலை இதுதான் அவருக்குப் பாரமானது. இதை விட்டிட்டு மிச்சத்தை வாசிச்சால் நாங்கள் அவருக்குச் செய்யிற துரோகம்" என்று இங்கிலிஷில் சொன்னார். நான் தலையாட்டினேன்.

பாடசாலை மண்டபத்தில் இருநூறு கதிரை போட்டும் ஆட்கள் நின்றார்கள். இவர் எழுந்து, அயன் பண்ணிய சட்டையோடு, நடந்ததைச் சொன்னார். இங்கிலிஷ் தடுமாறிய இடத்தில் நடந்தே காட்டினார். தொப்பியைக் கழற்றிச் சிரித்துக்கொண்டு மேடையை நோக்கி அவர் நடந்த நடையைப் பார்த்துச் சனம் சிரித்தது. பிறகு அவர் நிலத்தைக் காட்டி, "இங்கே படுத்தேன்" என்றபோது சிரிப்பு நின்றுவிட்டது. அவருக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பெடியன் எழுந்தான். பிறகு இன்னொரு தாய். கொப்பியில் இருந்த பதினேழு பேர் அன்றைக்கு எழுந்து பேசினார்கள்.

கூட்டத்துக்கு வந்திருந்த பொலிஸ் மேலதிகாரி, பாய்ந்து வருகிறவரைத் தடுப்பது கடமை என்று தொடங்கினார். மிசிஸ் பேனாட் மறுமொழி சொல்லாமல் உங்கள் வாக்குமூலத்தை எடுத்து முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார். சார்ஜன்ட் என்ற சொல்லைக் கேட்டதும் அந்த அதிகாரி நிமிர்ந்தார். உப்பு லொறி வந்த இடத்தில் கண்ணைக் கீழே போட்டார். எழுந்து, பயிற்சியில் இதையும் சேர்க்கப் பார்க்கிறோம் என்றார். மிசிஸ் பேனாட் விடவில்லை. எந்தத் திகதிக்குள், யார் சொல்லிக் கொடுப்பது, ஊர் ஆட்கள் எத்தனை பேர் அந்த வகுப்பில் இருப்பார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் தேத்தண்ணிக்கு விட்டார். இனி மறித்தால் ஏன் என்று எழுதிக் கையில் கொடுக்கவும் வேண்டும்.

எல்லாரும் அவர் தோற்பார் என்கிறார்கள். தேர்தல் 14ஆம் திகதி. மன்றாடுங்கள்.

அருள்மலர்


மல்வேர்ன்
29 ஜனவரி 1995

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்களுக்கும் அண்ணிக்கும் புது வருட வாழ்த்து. இங்கே முழங்காலளவு பனி, அதற்குள்ளும் சுகம்.

மிசிஸ் பேனாட் நூற்றுப் பதினேழு வாக்கால் வென்றார். தோற்பார் என்று சொன்னவர்கள்தான் முதலில் வந்து கேக் சாப்பிட்டார்கள். சொன்ன திகதியில், ஜனவரி 10, வகுப்புத் தொடங்கியது. இருபது பொலிஸ்காரருக்கு முன்னால் இவர் ஒரு கதிரையைக் காராக்கி, இறங்கி நடந்து காட்டுகிறார். போகும்போது ஒவ்வொரு முறையும் சட்டை அயன் பண்ண வேண்டும். தன்னை வாத்தியார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர்களுக்குக் கொடுக்கும் தாளில், "இறங்கி வருகிறவர் மரியாதைக்காகவும் வரலாம், முதலில் கேளுங்கள்" என்று ஒரு வரி இருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு, "பொலிஸ் மறித்தால் காரிலேயே இருங்கள்" என்ற துண்டுப்பிரசுரத்தை நான் தமிழில் எழுதினேன். கொப்பி இன்னும் மூடவில்லை, ஆனால் இந்த மாதம் அதில் ஏறியது இரண்டே பெயர்.

இனித்தான் வேடிக்கை. இவர் மறுபடி கார் ஓட்டுகிறார். போன செவ்வாய் பொலிஸ் மறித்தது. இவர் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் ஒட்டிவைத்ததுபோல் இருந்தார். வந்தவன் வகுப்பில் இருந்த பெடியன். தூரத்தில் நின்று, உங்கள் வழக்கப்படி இறங்க விரும்பினால் இறங்கலாம் என்றானாம். இவர், இல்லை, உங்கள் வழக்கப்படி இருக்கிறேன் என்றாராம். அவன் மறுபடி, பரவாயில்லை, இறங்குங்கள் என்றான். இவர், பரவாயில்லை, இருக்கிறேன் என்றார். பனிக்குள் இப்படியே ஐந்து நிமிடம். கடைசியில் ஏன் மறித்தாய் என்று கேட்டால், சாப்பாட்டுப் பெட்டியைக் கார்க் கூரையில் வைத்துவிட்டு மறந்துபோய் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அவன் அதை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, மறித்த காரணத்தையும் துண்டில் எழுதிக் கொடுத்தானாம். துண்டு எங்கள் குளிர்ப்பெட்டியில் ஒட்டியிருக்கிறது.

உங்களுக்கு நன்றி சொல்லும்படி இவர் சொன்னார். நானும் சொல்கிறேன்.

அருள்மலர்


வத்தளை
26 பெப்ரவரி 1995

தங்கச்சி அருள்மலருக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீங்களும் பனிக்குள் விழாமல் நலமாக இருங்கள். சாப்பாட்டுப் பெட்டிக் கதையை அண்ணி மூன்று தரம் வாசிக்கச் சொன்னா. அந்தச் சந்தோஷத்தில் எனக்கு ஒரு கரண்டி சீனியும் கிடைத்தது.

வாக்குமூலத்தை உலகத்துக்கு வாசித்தாகிவிட்டது. அதைக் கேட்க வேண்டிய ஆளுக்கு வாசிக்கவில்லையே என்று எனக்கு நித்திரை இல்லை. போன புதன்கிழமை பஸ் ஏறிப் புத்தளம் போனேன். லொறிகள் நிற்கும் இடத்தில் விசாரித்தேன். மூன்றாவது ஆள், "உப்பு லொறி அன்ஸார் நானாவா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டு வழி காட்டினான். வீதியோரத்தில் ரயர் ஒட்டும் கடை. வாசலில் கதிரை போட்டு இருந்தான். தலை நரைத்துவிட்டது. நான் வீதிக்கு மற்றப் பக்கத்திலேயே தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவனிடம் நடந்தேன். முழங்கால் வலித்தது.

யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. சொன்னேன். சந்தியைச் சொன்னேன், வருடத்தைச் சொன்னேன். பிழை செய்தேன், மன்னிக்க வேண்டும் என்றேன். அவன் தன் காலைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "அண்டைக்குப் பொறவு பொலிசைக் கண்டா மொதல்ல எறங்குறவன் நான்தான், சார்ஜன்ட். மகனுக்கும் அதத்தான் படிச்சுக் குடுத்திருக்கேன். பொலிஸ் கை காட்டினா எறங்கி ஓடிப் போய் நில்லுன்னு" என்றான்.

மகன் பெயர் பஸ்லான். வயது இருபத்தாறு. வருகிற ஏப்ரலில் தாய்மாமனிடம் ரொறன்ரோவுக்கு வருகிறான், அங்கே லொறி ஓட்ட. கேட்டதும் எனக்கு மச்சான் ரோட்டில் கிடந்ததுதான் நினைவுக்கு வந்தது. பிறகு நானும் அன்ஸாரும் அந்தப் பெடியனைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தி, காரிலேயே இருக்க வேண்டும் என்று இருவருமாக மாறி மாறிச் சொன்னோம். அவன் எங்களைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். நீ எழுதிய துண்டுப்பிரசுரத்தில் இரண்டு உடனே அனுப்பு. ஒன்று பஸ்லானின் பயணப் பைக்கு. மற்றது தன் கடைச் சுவரில் ஒட்ட வேண்டும் என்று அன்ஸார் கேட்டான். அந்த அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்.

தேத்தண்ணி வந்தது. இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டு, இரிங்க என்றான். நான் நின்றேன். "இரிங்க சார்ஜன்ட், கால் வலிக்குதுதானே" என்றான். அதன் பிறகுதான் உட்கார்ந்தேன்.

உன் அண்ணன்
யோசப்